எதிர் இருக்கைக்கு ஓர் ஆள்

ஜூன் 2

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். என் எடை எண்பத்து நான்கு கிலோ. முப்பத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் புருஷனிடம் மறைத்து வைத்திருந்த ஒரே சொத்து இது. அதை இன்று காலை, ஜப்பானிலிருந்து விருதுநகருக்குப் போன் போட்டு, நானே வலியச் சொன்னேன். சொன்ன எடை உண்மை. அதற்குப் பிறகு சொன்னதுதான் பொய்.

"ஏங்க, இங்க வாரது சின்னப் பிளேனு. ஏறுற ஆளையெல்லாம் நிறுத்துத்தான் ஏத்துறாக. எனக்கு எதிர்ப்பக்கம் என் எடைக்குச் சமமா ஒரு ஆளு உக்காரணுமாம். இல்லேன்னா ஒரு பக்கமாச் சாஞ்சிருமாம். அதுவும் குடும்பத்து ஆளா இருக்கணுமாம். நீங்க வந்து கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு."

இதில் நிறுப்பது நிஜம். மார்ச்சில் ககோஷிமா ஊரிலிருந்து இந்தக் கசனே தீவுக்கு, மகள் வீட்டுக்கு, வந்தபோது என்னைப் பெட்டியோடு சேர்த்துத் தராசில் ஏற்றினார்கள். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, "கைப்பையில் புளி இருக்கு, அதான்" என்று சைகையில் சொன்னேன். கவுண்டர் பெண் குனிந்து வணங்கி, கைப்பையைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டாள். முள் அசையவில்லை. பிறகு எடை பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். நடைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் தபால் உடுப்பில் ஒரு குச்சி மனிதர், அவருக்குப் பின்னால் இரண்டு மூட்டை சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஆக, பாதி நிஜம். குடும்பத்து ஆள் என்பது மட்டும் என் கைச்சரக்கு.

என் வீட்டுக்காரர் முண்டு மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். தராசுக்கு முன்னால் உட்கார்ந்தே நரைத்தவர். சாமியைச் சந்தேகப்பட்டாலும் எடையைச் சந்தேகப்பட மாட்டார். எடையைத்தான் கேட்டார்:

"நான் எழுவத்தொண்ணுதான இருக்கேன். காணுமா?"

"பாக்கிக்குச் சாமான் வச்சுக்கிடலாங்க."

"கப்பல் இருக்குமே?"

"கப்பல்ல எனக்குக் கொமட்டும்."

போனை வைத்துவிட்டார்.

எதற்காகப் பொய் சொன்னேன்? என் விசா பதினேழாம் தேதியோடு முடிகிறது. அவ்வளவு தூரம் தனியாகப் போக அலுப்பு. அவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 3

போன் வரவில்லை. தோசை மாவு புளிக்கவில்லை. இந்தத் தீவில் எல்லாமே ஒழுக்கம். மாவுகூட அனுமதி இல்லாமல் பொங்குவதில்லை.

ஜூன் 4

மதிய விமானத்துக்கு ஏர்போர்ட் போய்வந்தேன். தினமும் போகிறேன் என்று மகள் கேலி செய்கிறாள். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கும் தீவில் பொழுது போக வேறு என்ன இருக்கிறது? வருகிறவர் போகிறவரைப் பார்த்தால்தானே யார் வீட்டில் என்ன என்று தெரியும்?

எங்கள் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கடைகள் இருக்கும் அளவுக்குத்தான் ஏர்போர்ட்டின் மொத்தக் கட்டடமே. வேலைக்கு ஐந்து பேர். கவுண்டரில் ஹமாசாகியம்மா. என்னைவிட நாலு வயது மூத்தவர், கொண்டையில் ஒரு முடி விலகாது. அவர் ஜப்பானிய மொழியில் பேசுவார், நான் விருதுநகரில் பேசுவேன், இடையில் கையும் கண்ணும் இருக்கின்றன. புரியாமல் போனதாக இதுவரை ஒன்றும் இல்லை. தபால்காரருக்கும் சத்திரக்காரியின் தங்கைக்கும் உள்ள சங்கதியை அவர் எனக்கு விளக்கியது முழுக்க முழுக்க இரண்டு பேனாவும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் வைத்துத்தான்.

பயணிகள் ஆறு பேர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஹமாசாகியம்மா மைக்கைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, "பயணிகளின் அன்பான கவனத்துக்கு" என்று ஆரம்பிப்பார். ஆறு பேரும் முதல்முறை கேட்பதுபோல நிமிர்வார்கள். விமானம் கிளம்பினால் எல்லோரும் வேலிக்குப் போய், அது புள்ளியாகும்வரை கையாட்ட வேண்டும். நானும் ஆட்டுவேன். முந்தானையோடு ஆட்டுவதால் என்னுடையதுதான் மேலேயிருந்து நன்றாகத் தெரியுமாம்.

இன்னொரு ஊழியர் என் மாப்பிள்ளை ஷோஹெய். காலையில் நீலச் சட்டையில் பெட்டிகளை நிறுப்பார். பத்து நிமிடம் கழித்து ஆரஞ்சு அங்கியில், இரண்டு கையிலும் டென்னிஸ் மட்டை மாதிரி ஒன்றைப் பிடித்து விமானத்தை வழிகாட்டி நிறுத்துவார். அடுத்து கையுறை மாட்டி மூட்டை இறக்குவார். கடைசியாக அதே முகம், தொப்பி மட்டும் வேறு, பயணச் சீட்டைக் கிழித்து உள்ளே அனுப்பும். முதல் நாள் நான் நான்கு பேருக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்தேன்.

இந்த மாப்பிள்ளையைத்தான் என் வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை. நான்கு வருடம் முன்னால் என் மகள் பொற்கொடி இந்தத் தீவு அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்துகொண்டு, பிறகு போனில் சொன்னாள். அவர் "நல்லா இரு" என்று சொல்லி என்னிடம் போனைக் கொடுத்தார். அன்றிலிருந்து மகள் போன் வந்தால் மண்டியில் வேலை வந்துவிடும். ஜப்பான்காரர் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "நம்ம கடைக் கணக்கப்பிள்ளைகூடத் தன் கல்யாணத்தை முன்னாடியே வந்து சொன்னான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மகளும் அவர் பெண்தான். அவள் அவரை இரண்டாம் தடவை போனுக்குக் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஏர்போர்ட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஜூன் 6

வருகிறார்! வருகிறார்! வருகிறார்!

சாயங்காலம் ஏழு மணிக்குப் போன். "டிக்கெட் போட்டாச்சு. பதிமூணாம் தேதி மதிய பிளேன்ல வாரேன். ஏஜெண்டு எல்லாம் பாத்துக்கிட்டான். பதினாறாம் தேதி ஒன்னயக் கூட்டிட்டுத் திரும்பணும். ஒரு நாள் கூட மண்டியப் போட்டுட்டு இருக்க முடியாது."

சாத்தூரைத் தாண்டித் தனக்கென்று எங்கும் போகாத மனிதரை ஒரே பொய்யில் கடல் தாண்டிக் கிளப்பிவிட்டேன்! மந்திரிகளுக்கெல்லாம் ஆலோசகராகப் போயிருக்க வேண்டியவள் நான். அடுப்படிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். மேலே அலமாரியில் இருந்த ஒரு கிண்ணம் விழுந்து உடைந்தது. தீவு லேசாக நில அதிர்வு கண்டதென்று மகளிடம் சொன்னேன். இங்கே அதை நம்புவார்கள்.

பொற்கொடி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா வாராரு."

கத்தி நிற்கவில்லை. "எதுக்கு?"

"என்னயக் கூட்டிட்டுப் போக."

"ஓ. ஒன்னயவா."

"ஆமா."

"என்னைக்கு?"

"பதிமூணு, மதியம்."

"எனக்கு அன்னைக்கு ஸ்கூல்ல வேலை இருக்கும்மா."

தீவின் பள்ளியில் அவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். சரி என்று விட்டுவிட்டேன். பீன்ஸ் மட்டும் இன்று ரொம்பப் பொடியாக வந்தது. கூட்டு வைக்க நினைத்தது, கடைசியில் உசிலி ஆனது.

ஜூன் 7

மகள் குளியலறையைக் கழுவினாள். நேற்றும் கழுவினாள்.

ஜூன் 8

இன்றைய கூத்தை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஷோஹெய்க்கு ஒரு கவலை. விமானம் வந்து நிற்கும்போது மட்டையோடு முன்னால் நிற்க வேண்டியவர் அவர்தான். அன்றைக்கு வேறு ஆள் கிடையாது. ஆக, மாமனார் முதல்முதலாக மருமகனைப் பார்ப்பது ஜன்னல் வழியே, ஆரஞ்சு அங்கியில், கை இரண்டையும் வீசிக்கொண்டு. அது மரியாதைக் குறைவா என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

"நம்ம ஊருல மாப்பிள்ளை அழைப்புன்னு ஒண்ணு உண்டு," என்றேன். "மாப்பிள்ளைக்கு முன்னால பேண்டு வாத்தியம் போகும். இங்க மாப்பிள்ளையே முன்னால நின்னு மாமனார அழைக்காரு. இதவிட மரியாதை வேற என்ன?"

அவள் அதை மொழிபெயர்த்தாள். ஷோஹெய் முகம் மலர்ந்துவிட்டது. சாயங்காலம் முழுக்க வாசலில், மட்டைக்குப் பதில் இரண்டு செருப்பைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை. நான் விமானம். உடம்பு அதற்குத் தோதாகவே இருந்தது. வலது பக்கம் வா என்றார், வந்தேன். நேராக வா என்றார், வந்தேன். இரண்டு செருப்பையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் நில் என்று அர்த்தம். நின்றேன். உடனே செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பி, "வாங்க மாமா!" என்றார். எதிர்வீட்டு நாய்கூட எழுந்து நின்று பார்த்தது.

"மாமா"வில் முதல் 'மா' கொஞ்சம் நீளமாகப் போய்விடுகிறது. பசு மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, பாசம்தானே.

ஜூன் 10

மூடுபனி.

காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடே இல்லை. கடலிலிருந்து எழுந்து வந்து தீவை முழுதாக விழுங்கிவிட்டது. மழைக்கால ஆரம்பத்தில் இப்படித்தானாம். இருந்தாலும் ஏர்போர்ட் போனேன். வழி தெரியாமல் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் இறங்கி ஏறினேன்.

அங்கே புதிதாக ஒரு சங்கதி தெரிந்துகொண்டேன். இந்த ஊர் விமானம் சில நாள் நிபந்தனையோடு கிளம்புமாம். "புறப்படுவோம், தீவுக்கு மேலே வந்து பார்ப்போம், தரை தெரிந்தால் இறங்குவோம், தெரியாவிட்டால் புறப்பட்ட ஊருக்கே திரும்பிவிடுவோம், சம்மதமா?" என்று பயணிகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்களாம். சம்மதம் என்று தலையாட்டி ஏறி, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் சண்டை போடுவதில்லை!

இன்று அதுதான் நடந்தது. மேலே சத்தம் கேட்டது. இரண்டு முறை சுற்றியது. பிறகு தேய்ந்துபோயிற்று. ஹமாசாகியம்மா மைக்கில், அறையில் இருந்த ஒரே ஆளான எனக்கு, "விமானம் திரும்பிச் சென்றுவிட்டது, மனமார்ந்த வருத்தம்" என்று அறிவித்தார். நான் எழுந்து நின்று வருத்தத்தை ஏற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பதிமூன்றாம் தேதிவரை விரல் விட்டு எண்ணினேன். ஏனென்றால் எனக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், என் தங்கைக்கு வளைகாப்பு என்று கோவில்பட்டிக்குக் கிளம்பினோம். சாத்தூர் தாண்டவில்லை, டயர் பஞ்சர். சரிசெய்த பிறகு காரை நேராக வீட்டுக்குத் திருப்பினார். "ஒரு தடவ மறிச்சா அது போக வேணாம்னு அர்த்தம்" என்றார். அதற்குப் பிறகு அவர் இன்றுவரை கோவில்பட்டிக்குப் போனதில்லை. அந்த வளைகாப்புப் பிள்ளைக்கு இப்போது தலை வழுக்கை.

பதிமூன்றாம் தேதி விமானம் தீவைச் சுற்றிவிட்டுத் திரும்பினால், அவரும் அதோடு திரும்பிவிடுவார். ககோஷிமாவிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மண்டி. பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். நான் கப்பலில் குமட்டிக்கொண்டு போகலாம், அது பெரிய விஷயமில்லை. கவலை பொற்கொடியைப் பற்றித்தான்.

இவள் இன்று கடையில் பாகற்காய் வாங்கி வந்திருக்கிறாள். இந்த வீட்டில் பாகற்காய் சாப்பிடுகிறவர் யாரும் இல்லை.

ஜூன் 12

ககோஷிமா வந்து சேர்ந்துவிட்டார்! ஓட்டலிலிருந்து போன்.

"ஊரு கழுவிவிட்ட மாதிரி இருக்கு. ஆனா ஒரு ஆளு சத்தம் போட்டுப் பேச மாட்டேங்கான். மருந்துக் கடைக்கா வந்துட்டோம்னு இருக்கு."

"சாப்பிட்டீகளா?"

"சோறு இருக்கு. எம்புட்டுத்தான் வெறுஞ்சோறத் திங்க? வத்தப்பொடி கொண்டாந்தேன், கொட்டிக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "ஏ அன்னலட்சுமி, ஒரு சிக்கல்."

அடுப்பை அணைத்தேன்.

"இங்க ஓட்டல்ல எடை மிஷின் இருக்கு. ஏறிப் பாத்தேன். அறுவத்தொம்பதரைதான் காட்டுது. ரெண்டு நாளாச் சரியாச் சாப்பாடு இல்லைல்ல. ஒன்றரக் கிலோ குறையுது. ஒனக்குப் பரவால்லயா?"

சிரிப்பை அடக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"தண்ணி பாட்டில் வாங்கி வச்சுக்கிடுங்க," என்றேன்.

"அதான் ரெண்டு வாங்கியிருக்கேன்," என்றார்.

வெளியே வந்து பார்த்தேன். நட்சத்திரம் இல்லை. கடல் பக்கம் வெள்ளையாக ஏதோ கூட்டம் கூடுகிறது.

ஜூன் 13, காலை

எதிர்வீடு இல்லை. வேலி இல்லை. கையை நீட்டினால் விரல் கொஞ்சம் மங்கல். காலை விமானம் ரத்து.

மகள் பள்ளிக்குப் போவதாகக் கிளம்பினாள். நான் ஏர்போர்ட் போனேன். போன கால் மணி நேரத்தில் மகளும் அங்கே வந்தாள்.

"ஸ்கூல்?"

"பனியாம்."

பனிக்குப் பள்ளி மூடி நான் இங்கே பார்த்ததில்லை. நானும் சில சமயம் வாயை மூடுவேன்.

ஜூன் 13, மதியம் (ஏர்போர்ட் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.)

மதிய விமானம் நிபந்தனையோடுதான் கிளம்புமாம். ககோஷிமா கவுண்டரிலிருந்து ஹமாசாகியம்மாவுக்குப் போன் வந்தது. அங்கே ஒரு இந்தியர் ஏற மறுக்கிறாராம். கூடவே தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுக்கவும் மறுக்கிறாராம். ஹமாசாகியம்மா என்னைப் பார்த்தார். ரிசீவரை நீட்டினார். மூன்று மாத அரட்டைக்கு இதுதான் சம்பளம்.

"ஏங்க, நாந்தான்."

"இந்தப் பிள்ளை என்னமோ சொல்லுது. போய்ட்டுத் திரும்பிருமாமே?"

"எறங்க முடிஞ்சா எறங்கிரும். முடியலேன்னாத்தான் திரும்பும்."

"அப்ப எதுக்குக் கெளம்பணும்? எறங்குமான்னு தெரியாம எவனாச்சும் வண்டிய எடுப்பானா?"

"இந்த ஊரு வழக்கம் அப்படிங்க."

"மறிச்சுருச்சுல்ல? போதும். நீ கப்பல்ல வா. நான் ஊருல பாத்துக்கிடுதேன்."

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு! விருதுநகர் தெற்குத் தெருவில் ஆறு வீட்டுச் சம்பந்தத்தைப் பேசியே முடித்தவளுக்கு! நான் "ஏங்க, ஏங்க" என்று மாத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ரிசீவரைக் கையிலிருந்து யாரோ உருவினார்கள்.

பொற்கொடி அதைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் "ஏ, லைன்ல இருக்கியா?" என்று கத்துவது எனக்குக் கேட்டது.

"அப்பா," என்றாள்.

கத்தல் நின்றது.

"ஏறிருங்கப்பா. றெக்கைக்குப் பின்னால உக்காந்தீகன்னா ரொம்ப ஆட்டும். முன்னாடி கேளுங்க. வாய்ல புளிப்பு மிட்டாய் போட்டுக்கிடுங்க."

ஹமாசாகியம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட மிட்டாய் இல்லையே," என்றார் அவர்.

"அங்கனயே கடை இருக்கு. எலுமிச்ச மிட்டாய். மஞ்சக் கவரு."

"மஞ்சக் கவரா?"

"ஆமாப்பா."

"சரி."

வைத்துவிட்டார். நான்கு வருடம் கழித்து அப்பனும் மகளும் பேசியது எலுமிச்ச மிட்டாய். மகள் ரிசீவரை வைக்கத் தெரியாதவள்போல இரண்டு தடவை தவறவிட்டாள். ஹமாசாகியம்மா வாங்கி வைத்தார்.

கிளம்பிவிட்டதாம். முக்கால் மணி நேரம்.

ஜூன் 13, மாலை

எங்கிருந்து ஆரம்பிக்க!

சத்தம் முதலில் வந்தது. ஹமாசாகியம்மா மைக்கைப் பிடித்து, எங்கள் இருவருக்கும், "விமானம் தீவுக்கு மேலே இருக்கிறது" என்றார். ஓடுபாதையைப் பார்த்தால் சுண்ணாம்புச் சுவர். அதில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி, என் மாப்பிள்ளை. இரண்டு கையிலும் மட்டை, எதிரே ஒன்றுமேயில்லை. வெறும் வெள்ளையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

சத்தம் தாழ்ந்து வந்தது, கூரைமேல் உரசுவதுபோல. மகள் என் கையைப் பிடித்தாள். சத்தம் ஏறி, விலகிப் போய்விட்டது.

"ஒண்ணு," என்றாள். மூன்று தடவைதான் முயல்வார்களாம்.

இரண்டாவது முறை இன்னும் பக்கத்தில் வந்தது. பனிக்குள் ஒரு நிழல் ஓடியதாக நான் சத்தியம் செய்வேன். மறுபடி ஏறிவிட்டது. நான் இருக்கன்குடி அம்மனுக்கு ஒரு மொட்டை நேர்ந்தேன். யாருடைய மொட்டை என்று சொல்லவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ரொம்ப நேரம் கேட்கவில்லை. ஹமாசாகியம்மா மைக்கை எடுத்தார். வருத்தம் தெரிவிக்கும் முகம் வந்துவிட்டது. மகள் என் கையை விட்டுவிட்டாள்.

அப்போது காற்று திரும்பியது. சும்மா ஒரு வீச்சு, முந்தானையைத் தூக்கிற்று. சுண்ணாம்புச் சுவரின் நடுவே ஒரு ஓட்டை விழுந்தது, கோயில் வாசல் அளவு. அதில் கடல் தெரிந்தது. கடலுக்கு மேலே இரண்டு விளக்கு!

சக்கரம் தரையில் பட்ட சத்தம் எனக்கு மண்டையில் கேட்டது. நான் கத்தினேன். மகள் கத்தினாள். கொண்டை கலையாத ஹமாசாகியம்மா மைக் அணைக்காமலே கத்தினார், அது கட்டடம் முழுக்க ஒலித்தது.

ஷோஹெய் மட்டையை வீச ஆரம்பித்தார். பேண்டு வாத்தியம் இருந்தாலும் அவ்வளவு அழகாக இருந்திருக்காது. வலது, வலது, நேரே, நேரே, நில். விமானம் நின்றது. கதவு திறந்தது. வேட்டியில் முதல் ஆளாக என் வீட்டுக்காரர், கன்னத்தில் மிட்டாய் புடைத்துக்கொண்டு.

இங்கேதான் மாப்பிள்ளைக்கு ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று. மட்டையைக் கீழே வைக்காமலே ஓடி, படிக்கட்டுக்கு முன்னால் நின்று, கைகூப்பினார். மட்டைகள் இரண்டும் அவர் தலைக்கு மேல் குறுக்கே நின்றன.

என் வீட்டுக்காரர் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். பிளேனே அந்தச் சாடைக்கு நின்றதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். தான் எம்மாத்திரம்? அவருக்குப் பின்னால் ஐந்து பேரும் படியில் வரிசையாக நின்றார்கள். இது ஜப்பான், யாரும் இடிக்கவில்லை. மருமகன் கையை இறக்குவதாக இல்லை. மாமனார் காலை இறக்குவதாக இல்லை. "வாங்க மாஆமா!" என்கிறார் ஒருவர், நில் என்று மட்டையைக் காட்டிக்கொண்டே.

கடைசியில் பொற்கொடி வேலியைத் திறந்துகொண்டு ஓடினாள். அது சட்ட விரோதமாம். ஹமாசாகியம்மா சரியாக அந்த நேரத்தில் சுவர்க் கடிகாரத்தில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். மகள் போய் ஷோஹெயின் கையிலிருந்து மட்டை இரண்டையும் பிடுங்கினாள்.

அவர் இறங்கினார். மகளை மேலும் கீழும் பார்த்தார், மூட்டையைக் கண்ணாலேயே நிறுக்கிற பார்வை.

"நாலு கிலோ இறங்கியிருக்க," என்றார்.

"மூணுப்பா," என்றாள்.

"நாலு."

வாதம் முடியவில்லை. இருவரும் நேராக உள்ளே வந்து பெட்டித் தராசில் அவளை ஏற்றினார்கள். பழைய எடையிலிருந்து மூன்றரை குறைவு. "என் கண்ணு அரக் கிலோ தப்பிருச்சு, வயசாயிருச்சு," என்று சொல்லிவிட்டு அவர் மூக்கைச் சிந்தினார். மிட்டாய் புளிப்பாம்.

ஜூன் 14

பாகற்காய்க் குழம்பு. அவர் மூன்றாம் தடவை போட்டுக்கொண்டார். மகள் சமைத்தது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

காலையிலிருந்து மாமனாரும் மருமகனும் தரையில் உட்கார்ந்து பெட்டி, புத்தகம், வெங்காயம் எல்லாவற்றையும் வரிசை வைத்து விமானத்தில் பாரம் எப்படி அடுக்குவது என்று ஆராய்கிறார்கள். "லாரியிலயும் இதே கதைதான், பின்பாரம் ஏறுனா முன்சக்கரம் தூக்கிரும்" என்கிறார் இவர். மருமகனுக்குப் புரிகிறது. எப்படி என்று கேட்காதீர்கள்.

நான் பயந்தபடியே கேட்டுவிட்டார்: "ஏம்மா பொற்கொடி, குடும்பத்து ஆளுதான் எதிர்ப்பக்கம் உக்காரணும்னு சட்டமாமே? மாப்பிள்ளைட்ட கேளு."

அவள் கேட்டாள். ஷோஹெய் விழித்தார். அப்படி எதுவும் கிடையாது என்று பலமாகத் தலையசைத்து ஏதோ நீளமாகச் சொன்னார். பொற்கொடி என்னைப் பார்த்தாள். மெதுவாக, ரொம்ப மெதுவாக, அவள் வாயோரம் கோணியது. என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா?

"ஆமாப்பா. கண்டிப்பான சட்டமாம்," என்றாள்.

"தலைய இப்படி ஆட்டுனாரே?"

"இங்க ஆமாங்கறதுக்கு அப்படித்தான் ஆட்டுவாக."

"அப்படியா," என்றார் அவர். வெங்காயத்தை முன்னால் ஒரு சாண் நகர்த்தி வைத்தார். அவர் மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி போடாமல் இருந்தேன்.

எப்படியோ, வெற்றி! ஒரே பொய். ஒரு பிடிவாதக்காரரை நாலாயிரம் மைல் இழுத்து வந்து, மகள் கையால் சாப்பிட வைத்தேன். ஊருக்குப் போனதும் தெற்குத் தெரு முழுக்க இதைச் சொல்ல வேண்டும். மூன்று பாகமாகச் சொல்லலாம்.

ஜூன் 15

பெட்டி கட்டியாயிற்று. நாளைக் காலை விமானம். வானம் கழுவிவிட்ட மாதிரி நிர்மலமாக இருக்கிறது, யாருக்கு வேண்டும் இப்போது?

நேற்றைய வெற்றியை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. ஊரில் எதிர்வீட்டுச் சண்முகக்கனிக்குப் போன் போட்டேன். தெரு வம்பில் என் வாரிசு அவள்தான். எடை, எதிர்ப்பக்கம், பனி, மட்டை எல்லாம் சொல்லி முடித்தேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அதுசரிக்கா," என்றாள். "அண்ணாச்சி எப்படியும் வருவாகன்னு எனக்குத் தெரியுமே."

"எப்படித் தெரியும்?"

"போலீஸ் ஸ்டேசன்லருந்து ஏட்டு வந்தப்ப நாந்தானக்கா அடையாளம் சொல்லி விட்டேன். அண்ணாச்சி இந்த வீட்டுலதான் இருக்காகளான்னு பாஸ்போர்ட்டுக்கு விசாரிச்சாரு. நீங்க அப்ப கோவில்பட்டி போயிருந்தீக."

"சமீபத்துலயா?"

"இல்லக்கா. போன தீபாவளிக்கு முந்தின வாரம்."

அடுத்து என்ன பேசினோம் என்று நினைவில்லை. நான் என் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்ததே பொங்கலுக்குப் பிறகுதான். என்றைக்குக் கிளம்புகிறேன், எந்தச் சேலை எடுத்துவைப்பது, முறுக்கு எத்தனை டின் என்று மாசி முழுக்க அவரிடம் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் நான் தனியாக வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, அந்த வீட்டில் இரண்டு பாஸ்போர்ட் இருந்திருக்கிறது.